நாலு பேர் அபிப்பிராயம்



நம் குடும்பங்களில் ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று தீர்மானிக்க வெகு காலமாக ஒரு கமிட்டி இருந்து வருகிறது. அதற்குத் தலைவர் இல்லை, காரியதரிசி இல்லை, விலாசமும் இல்லை. அங்கத்தினர் மட்டும் எப்போதும் நாலு பேர். பெண்ணுக்கு வரன் பார்ப்பதானாலும், பிள்ளை வேறு ஜாதியில் பெண் எடுப்பதானாலும், சாவு வீட்டுக்கு எந்தப் புடவையில் போவது என்பதானாலும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். அந்த நாலு பேரை மயிலாப்பூரிலும் கண்டவர் இல்லை, மாம்பலத்திலும் கண்டவர் இல்லை. ஆனாலும் அவர்கள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

மேல்நாட்டார் இந்த நாலு பேரை ஆயிரம் பேராக்கி, அவர்களிடம் கேள்வித் தாளை நீட்டி, பதிலைக் கூட்டிப் பெருக்கி, சதவீதம் போட்டு, அதற்குக் கருத்துக் கணிப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தேர்தல் காலத்தில் நாம் இதை வேடிக்கையாகப் படிக்கிறோம். ஆனால் கருச்சிதைவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்பதைப் பற்றியும் இப்படிக் கணிப்புகள் வருகின்றன. நம் வீட்டு இளைஞர்கள் அவற்றைக் கைப்பேசியில் படித்துவிட்டு, "உலகத்தில் பெரும்பாலோர் சரி என்கிறார்களே, நம் திருச்சபை மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலரோ தங்களுக்குச் சாதகமான வேறொரு கணிப்பைத் தேடியெடுத்து, "பார், ஜனங்கள் நம் பக்கம்தான்" என்று வாயடைக்கிறார்கள். பிள்ளை கேட்டதும் அப்பா சொன்னதும் உண்மையில் ஒரே வாதம். தொகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சரிதானா என்பதைத்தான் இவ்வாரம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கின் யோக்கியதையைப் பார்ப்போம். 1936-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லாண்டன் ஜெயிப்பார் என்று பிரசுரித்தார்கள். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 ராஜ்யங்களில் 46-ல்! சீட்டு அனுப்பிய விலாசங்களைப் பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் மோட்டார் கார்ப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? நம்மூரிலும் 2016 சட்டசபைத் தேர்தலில் பெரும்பாலான கணிப்புகள் தி.மு.க. வரும் என்றன, ஜெயலலிதா அம்மையார் மறுபடியும் கோட்டைக்குப் போனார். 2024-ல் பாரதிய ஜனதா கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பல கணிப்புகள் ஆரவாரித்தன, கிடைத்தது 293.

இருந்தாலும் தேர்தல் கணிப்புக்கு ஒரு நன்மை உண்டு. வாக்கு எண்ணும் நாள் என்று ஒன்று வந்து பொய்யைப் பொய் என்று காட்டிக் கொடுத்துவிடும். கருச்சிதைவைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு நம் தேசத்தில் எண்ணும் நாள் வருவதே இல்லை. கணிப்பு தப்பா சரியா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

கேட்கப் போகிறவர் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். அடையாற்றில் அடுக்குமாடி வீட்டு வாசலிலேயே காவலாளி அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். தி. நகரில் புருஷன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட, கதவைத் திறப்பது பாட்டியம்மாள். நொச்சிக்குப்பத்திலோ அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒருத்தியைக் கேட்ட கேள்விக்குப் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். மாமியார் பக்கத்தில் நிற்க, "உனக்குக் கருச்சிதைவைப் பற்றி என்ன அபிப்பிராயம், அம்மா?" என்று மருமகளைக் கேட்டால் என்ன வரும்? வர வேண்டிய பதில் வரும். அவ்வளவுதான்.

கேள்வியின் சொல்லும் பதிலை ஆக்கிவிடும். நம் பாஷையில் கருவுற்றவளைப் பிள்ளைத்தாய்ச்சி என்கிறோம். பிள்ளை பிறக்குமுன்பே பிள்ளையும் இருக்கிறது, தாயும் இருக்கிறாள் என்பதாகத்தான் அந்தச் சொல் பேசுகிறது. "பிள்ளைத்தாய்ச்சி வயிற்றுப் பிள்ளையை அழிக்கலாமா?" என்று கேளுங்கள், சந்து முழுவதும் கூடாது என்று சொல்லும். "கெடுக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமியைப் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்று சர்க்கார் கட்டாயப்படுத்தலாமா?" என்று அதே சந்தில் கேளுங்கள். பதில் வேறாக இருக்கும். இரண்டு தடவையும் பதில் சொன்னவர்கள் அதே ஜனங்கள்தான், பொய்யும் சொல்லவில்லை.

இது கற்பனையல்ல. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1975 முதல் இக்கேள்வியைக் கேட்டு வருகிறது. முதல் மூன்று மாதங்களில் சட்டம் அனுமதிக்கலாம் என்று மூன்றில் இரண்டு பங்கினர் சொல்கிறார்கள். கடைசி மூன்று மாதங்களைப் பற்றிக் கேட்டால் அப்படிச் சொல்பவர் ஐந்தில் ஒரு பங்கினரை ஒட்டி இறங்கிவிடுகிறார்கள். கொழும்பு நகரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நடந்தது. இலங்கையில் 1883-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருச்சிதைவு குற்றமாகும். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதே கேட்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. பலாத்காரத்தால் கரு உண்டானால் அனுமதிக்கலாம் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். வறுமை, ஏற்கெனவே நிறையப் பிள்ளைகள் என்பன போன்ற காரணங்களுக்கோ மிகச் சிலரே இசைந்தார்கள். இந்த ஜனங்கள் கருச்சிதைவுக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஒரே வார்த்தையில் சொல்லு என்று கேட்கிறவன், கிடைக்கப் போகும் வார்த்தையை முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் தேசத்துச் சட்டம் பொதுஜன அபிப்பிராயத்தால் வந்ததா என்றால், அதுவும் இல்லை. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-ம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகவன்றி எந்தக் கருச்சிதைவும் குற்றம் என்று சொல்லிற்று. இப்போது அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ம் பிரிவு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் ஜனத்தொகைப் பயம் வந்தது. சிவப்பு முக்கோணமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும் சுவரெல்லாம் ஏறின. 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, 1966-ல் அறிக்கை கொடுத்தது. வருஷத்துக்கு 39 இலட்சம் கருச்சிதைவுகள் வேண்டுமென்று செய்யப்படுகின்றன என்று அதில் ஒரு மதிப்பீடு உண்டு. எண்ணிப் பார்த்த தொகை அல்ல. பிறப்பு விகிதத்தை வைத்து ஊகித்த தொகை. கைநாட்டு மருத்துவச்சிகளிடம் போய்ப் பெண்கள் சாகிறார்கள் என்ற கவலை அக்கமிட்டிக்கு மெய்யாகவே இருந்தது. அதை நாம் மறுக்கக் கூடாது. 1971 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. 2021-ல் திருத்தம் வந்து, சில வகைப் பெண்களுக்கு 20 வார எல்லை 24 வாரமாயிற்று. "கணவன்" என்று எழுதியிருந்த இடத்தில் "துணைவர்" என்ற சொல்லும் புகுந்தது. 1971-லும் சரி, 2021-லும் சரி, ஜனங்களிடம் நேரே கேட்டு வாக்கெடுப்பு நடத்தவில்லை. நம் அரசியல் முறையில் அதற்கு வழியும் இல்லை.

வழி இருந்த ஒரு தேசத்தைப் பார்ப்போம். அயர்லாந்து, நமக்குக் கன்னியர்களையும் குருக்களையும் ஆசிரியர்களையும் அனுப்பித் தந்த தேசம். 1983 செப்டம்பரில் அங்கே சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. பிறவாத சிசுவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்றவர்கள் 66.9 சதவீதம். கத்தோலிக்க உலகமே சந்தோஷப்பட்டது. 2018 மே மாதத்தில் மறுபடியும் வாக்கெடுப்பு. அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும் என்றவர்கள் 66.4 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முப்பத்தைந்து வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட்டது. தொகைதான் நியாயம் என்றால், 1983-ல் பாவமாயிருந்த காரியம் 2018-ல் புண்ணியமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். 2050-ல் மறுபடியும் மாறினால் மறுபடியும் பாவமாகும். இதை எந்தத் தரப்பாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பெண்ணின் உரிமை என்று வாதாடுகிறவர்கள்கூட, 1983-ல் பெரும்பான்மை தங்களுக்கு எதிராக இருந்தபோது அந்த உரிமை இல்லாதிருந்தது என்று சொல்வதில்லை. இருந்தது, ஜனங்கள் காணவில்லை என்றே சொல்கிறார்கள். ஆக, ஜனங்கள் கண்டாலும் காணாவிட்டாலும் நியாயம் என்று ஒன்று தனியே இருக்கிறது என்பதில் நாமும் அவர்களும் ஒத்துப்போகிறோம். அது எது என்பதில்தான் சண்டை. இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்பாக்களும் கவனிக்க வேண்டும். 2018-ன் எண் நம்மை அசைக்கக் கூடாதென்றால், 1983-ன் எண்ணில் நாம் அடைந்த ஆறுதலையும் விட்டுவிட வேண்டும்.

அந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் நடுவே ஒரு மரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. சவிதா ஹலப்பனவர், கர்நாடகத்துப் பெண், பல் டாக்டர், 31 வயது. 2012 அக்டோபரில் கால்வே நகரத்து ஆஸ்பத்திரியில் 17 வாரக் கரு தானாகக் கலையத் தொடங்கிய நிலையில் சேர்ந்தாள். பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தும், அதன் இருதயம் துடிக்கிற வரையில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். இரத்தத்தில் விஷம் ஏறி, 28-ம் தேதி அவள் இறந்துபோனாள். விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு நிபுணர் சர் சபாரத்தினம் அருள்குமரன். நோயின் கடுமையைச் சரியாகக் கவனிக்கத் தவறியதையும், சட்டத்தைப் பற்றிய அச்சம் டாக்டர்களின் கையைக் கட்டியதையும் அக்குழுவின் 2013-ம் வருஷத்து அறிக்கை சேர்த்தே சொல்லுகிறது. சாகும் தாயைக் குணப்படுத்தச் செய்யும் சிகிச்சையில், நாடாமலே சிசு இறக்க நேர்ந்தால் அது கொலையல்ல என்பது நம் ஒழுக்க சாஸ்திரிகள் வெகுகாலமாகப் போதித்து வந்ததுதான். ஆனால் 66.9 சதவீதம் என்ற வெற்றியில் அந்த நுட்பத்தை எழுதி வைக்க இடமில்லாமல் போயிற்று. பெரும்பான்மைக்கு நுட்பம் பிடிப்பதில்லை, அது நம் பெரும்பான்மையாக இருந்தாலும்.

கணிப்புகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. "சட்டம் அனுமதிக்கலாமா?" என்பதும் "செய்வது சரியா?" என்பதும் வெவ்வேறு கேள்விகள். பொய் சொல்வது பாவம். ஆனால் பொய் சொன்னவனையெல்லாம் ஜெயிலில் போட யாரும் கேட்பதில்லை. மனித சட்டம் எல்லாப் பாவங்களையும் தண்டிக்க வேண்டியதில்லை, முக்கியமாகப் பிறருக்குத் தீங்கு செய்யும் பெரிய பாவங்களைத் தடுத்தால் போதும் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் எழுதியிருக்கிறார். ஆகவே ஒருவர் "அது தப்புதான், ஆனால் அந்தப் பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போக வேண்டாம்" என்று சொன்னால், அவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. அதே சமயம், அந்த மகாத்துமாவின் வாக்கிலேயே முள் இருக்கிறது. பிறருக்குத் தீங்கு என்றாரே, வயிற்றிலிருக்கும் சிசு "பிறர்" ஆகுமா? திருச்சபையின் பதில், ஆகும் என்பது. 1995-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (1986-ல் நம் சாந்தோம் கோவிலுக்கு வந்து போனாரே, அவர்தான்) உயிரின் சுவிசேஷத்தைப் பற்றி எழுதிய சுற்றறிக்கையில், பெரும்பான்மை வாக்கினால் ஒரு மனித உயிரின் மதிப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதைத்தான் விஸ்தாரமாக எடுத்துரைத்தார். சிறுபான்மையிலும் சிறுபான்மை, வாக்குரிமையும் இல்லை, கணிப்புக்காரர் கேட்டால் பதில் சொல்ல வாயும் இல்லை என்ற நிலையில் இருப்பது அந்தச் சிசு ஒன்றுதான். மாற்றுக் கருத்துள்ளவர்கள்கூட இந்த ஒரு வாதத்தை நின்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொகையைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன அதிகாரியை நாம் தவக்காலந்தோறும் சந்திக்கிறோம். பிலாத்து கூட்டத்தைக் கேட்டபோது அவனுக்கு உண்மை தெரியாமல் இல்லை. குற்றமற்றவர் என்று அவனே கண்டுகொண்டிருந்தான். தெரிந்த பின்பு கேட்டான், அதுதான் அவன் தப்பு. தெரியாததைத் தெரிந்துகொள்ள ஜனங்களைக் கேட்பது ஒரு நல்ல ராஜாவுக்கு அழகு. அதற்காக ஜனங்கள் சொல்வதையெல்லாம் பரபாஸ் கூச்சல் என்று தள்ளிவிடுவதற்கும் நமக்கு அதிகாரமில்லை. ஜனங்கள் எதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் என்ன தெரியவரும்? 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 2015-ல் இந்தியாவில் நடந்த கருச்சிதைவுகள் ஏறக்குறைய 1 கோடியே 56 இலட்சம் என்று அது மதிப்பிட்டது. அதற்காக ஆராயப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சர்க்கார் கணக்கில் பதிவானதோ வருஷத்துக்குச் சுமார் 7 இலட்சந்தான். மீதி எங்கே? நூற்றுக்கு 73 ஆஸ்பத்திரிக்கே போகாமல், மாத்திரை வாங்கி விழுங்கி முடிந்தவை. ஐம்பது வருஷமாகச் சட்டம் அனுமதித்தும் ஏன் மறைவில் நடக்கிறது? சட்டத்துக்குப் பயந்தல்ல. நாலு பேருக்குப் பயந்து.

நம் பங்கில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மந்தைவெளியோ, ராயப்பேட்டையோ, எதுவாகவும் இருக்கட்டும். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, இரண்டு மாதமாக முழுகவில்லை. அவளிடம் ஒரு கணிப்பு முன்பே தயாராக இருக்கிறது. கோடி வீட்டுப் பெண் விஷயம் தெரிந்த அன்று அம்மா அடுப்பங்கரையில் என்ன சொன்னாள் என்பது அவள் காதில் இருக்கிறது. அப்பா எப்படித் தலையைத் திருப்பிக்கொண்டார், பூசை முடிந்து கோவில் வாசலில் பெண்கள் கூடி எதைப் பற்றிச் சிரித்தார்கள், ஞானஸ்நானத்துக்கு வந்த தகப்பன் பெயரில்லாத குழந்தையை யார் எப்படிப் பார்த்தார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகச் சேர்த்த புள்ளிவிவரம். கருச்சிதைவு கூடாது என்பது நம் வீட்டில் நூற்றுக்கு நூறு. அவளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதும் நூற்றுக்கு நூறு. இந்த இரண்டு நூறுக்கும் நடுவே அவள் எங்கே போவாள்? மருந்துக் கடைக்குப் போவாள், தோழி ஒருத்தியை அனுப்பி.

சட்டத்தை எதிர்த்து மகஜரில் கையெழுத்து வாங்குவதைவிட இந்தக் கணிப்பின் எண்ணை மாற்றுவது கஷ்டமான வேலை. அதில் சர்க்காரைக் குறை சொல்ல முடியாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016 நவம்பரில், இந்தப் பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். கோவிலுக்குள்ளே கதவு திறந்திருக்கிறது. கோவில் வாசலில் நிற்கிற நாம்தான் இன்னும் வழியை விடவில்லை.

இனி யாராவது கேள்வித் தாளோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், அனுப்பியது யார் என்று முதலில் கேளுங்கள். கேள்வியை முழுதாக ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்கிறாரா, செய்கையைப் பற்றிக் கேட்கிறாரா, எந்த நிலைமையிலுள்ள பெண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்று தெளிவு செய்துகொண்டு, மனசாட்சிப்படி பதில் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகவே சொல்லுங்கள். கேட்டவர் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் மகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.